சிக்கு யாருடையது?

மெத்தை விரிப்பு தைக்கும் பெரிய மெஷினில், சிவப்பு நூல் உச்சியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு நடுவே நுழைந்து வந்தால்தான் தையல் ஒழுங்காக விழும். அதன் அந்தஸ்துக்கு அதெல்லாம் ஆகுமா? வெளியே தொளதொளவென்று தொங்கியபடியே இறங்கியது. துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி சிக்கு விழுந்தது.

"கீழே சிக்கினால் கீழே இருக்கிறவன்தானே காரணம்?" என்றது சிவப்பு நூல். ஊசி தலையாட்டியது. அதற்கு வேறென்ன வேலை?

கீழே வெள்ளை நூல் சுற்றியிருந்த பாபினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிக்கை வெட்டிப் பாருங்கண்ணே, யார் நூல்னு தெரியும்" என்றது பக்கத்தில் கிடந்த கத்தரியிடம்.

கத்தரி வெட்டியது. அத்தனையும் சிவப்பு.

சிவப்பு நூல் ஓவென்று அழுதது. "அடப்பாவி! என்னை என்ன பாடு படுத்தியிருக்கான் பாருங்க!"

ஊசி மறுபடி தலையாட்டியது. அந்த வாரத்தில் கழற்றி எறியப்பட்ட மூன்றாவது பாபின் அது.