மைனர் நீலாவின் வீடு

மகாஜனங்கள் அறிக! 1956-இல் புதுச் சட்டம் வந்ததும் அதற்கு முதலில் தலைவணங்கியவர் ராயபுரம் கருணாகரன்தான். காலமான அண்ணனின் மகள் நீலாவுக்குச் சேர வேண்டிய வீட்டில், கார்டியன் என்ற பெயரில் குடியிருந்தவர். மைனர் சொத்தை விற்க இனிக் கோர்ட் அனுமதி வேண்டுமாம்; உடனே மனுப் போட்டார்.

"தாய் தகப்பன் இல்லாத கொழந்தை, எசமான். அது நல்லதுக்குத்தான் வூட்டை விக்கிறேன்" என்று ஜட்ஜ் முன்னால் கண்ணைத் துடைத்தார்.

"குழந்தை எங்கே?"

இடுப்பில் பிள்ளையோடு நீலா எழுந்தாள்.

"இதுவா?" என்றார் ஜட்ஜ்.

"இது எம் புள்ளை, எசமான். அந்தக் கொழந்தை நான்தான். வூட்டைக் கேட்டா, 'நீ மைனரு, சும்மா கெட'ன்றாரு சித்தப்பா. காசிமேட்டுக் குடிசையில கீறோம். சொல்லவே வெக்கமா கீதுங்க."

கருணாகரனின் தலை தொங்கிப்போயிற்று.

நீலாவுக்கு வயது இருபத்தாறு.