பரஸ்தானம்

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

மான்செஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவளிடம் வந்து அம்மா அஷ்டமி, நவமி பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் எந்த அம்மா? உயர்நிலைப் பள்ளியில் இத்தனை வருஷமாக இயற்பியல் நடத்துகிற லட்சுமி டீச்சர். ராகுகாலத்தில் வீட்டுச் சாவி வாங்கி, எமகண்டத்தில் பால் காய்ச்சியவள்.

"நீ கிளம்புற ஞாயித்துக்கிழமை அஷ்டமி. தனியா அவ்வளவு தூரம் போறே, மனசு கேக்கல. பரஸ்தானம் வச்சுடலாம்" என்றாள் லட்சுமி.

விஷயம் வேறொன்றுமில்லை. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பிறகு அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு.

"கீழ்வீட்டு ஷபானா ஆன்ட்டிகிட்ட வச்சிடவா?"

"கூடாது. ரத்த சொந்தத்து வீடா இருக்கணும். போறவ கையாலயே வைக்கணும், போறவ கையாலயே எடுக்கணும். எனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? உங்கப்பா வீடுதான்."

அப்பா என்றதுமே மோகனாவின் முகம் சுருங்கிவிட்டது.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது பிரிந்துபோனவர் சேதுபதி. சுவா சூ காங்கில் தனியாக இருக்கிறார். தப்பு யார் மேல் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தீபாவளிக்குத் தீபாவளி அரை மணி நேரம், அதுவும் ஒரு கண் கைப்பேசி மேல். வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வரட்டுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோதுகூட, அம்மா மட்டும் போதும் என்று வெட்டிவிட்டாள்.

அம்மாவோடு வாதாடி அலுத்துப்போய், வியாழக்கிழமை புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். சேதுபதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உள்ள வாம்மா. டீ போடறேன்."

"இல்லப்பா. ஃப்ரெண்ட்ஸ் தேக்காவுல வெயிட் பண்றாங்க."

அவர் வற்புறுத்தவில்லை. பெட்டியை உள்ளே இழுத்துவைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எடுக்க நீதானே வருவே?" என்று கேட்டார்.

"ம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடம், அப்பா வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே சாங்கி ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினாள். போனதோ சிராங்கூன் ரோட்டுக்கு. தோழிகளோடு வாழையிலைச் சாப்பாடு, படம் எடுப்பது, கட்டிப்பிடித்து அழுவது. சுவா சூ காங்குக்கு ஒரு டெலிவரி வேனை அனுப்பிவிட்டாள். மூடநம்பிக்கைக்கு வேன் போதாதா?

ஏர்போர்ட்டில் அம்மா அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தாள். மோகனா வெறுங்கையோடு வருவதை அவள் ஏன் என்று கேட்பதற்குள் வேனும் வந்து நின்றது. வேன்காரர் பெட்டியை இறக்கிவிட்டு, ஒரு துணிப்பையையும் நீட்டினார்.

"அந்த அங்கிள் பெட்டியோட கீழயே வந்து நின்னாரு. பொண்ணு உள்ள இருக்காளான்னு வண்டியில எட்டிப் பாத்தாரு. இல்லன்னதும் மேல போய் இதை எடுத்துட்டு வந்து கொடுத்தாரு."

பைக்குள் டப்பா டப்பாவாகச் சாப்பாடு. இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

லட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ போகலையா?"

"பெட்டிதானேம்மா வரணும்? வந்துடுச்சே."

அந்த நேரம் பார்த்துப் பட்டுப்புடவை சரசரக்க, பக்கத்து புளோக் சரசு அக்கா வந்து சேர்ந்தாள். அன்று காலையில்தான் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் தேனிலவுக்குக் கிளம்புகிறார்களாம்.

"இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் முகூர்த்தம். கோயில்ல வரிசையா கல்யாணம் லா, பூவே கிடைக்கல" என்றாள்.

"அஷ்டமியில யாராச்சும் கல்யாணம் வைப்பாங்களா?" என்றாள் மோகனா.

சரசு அக்கா சிரித்துவிட்டாள். "அஷ்டமி வியாழக்கிழமையே வந்துட்டுப் போயிடுச்சும்மா. நீ போற நாள் தங்கமான நாள்."

சொல்லிவிட்டு அவள் மணமக்களைத் தேடிப் போய்விட்டாள். வியாழக்கிழமை. பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அதே நாள். மோகனா அம்மாவைப் பார்த்தாள். லட்சுமி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"ஏம்மா பொய் சொன்னே?"

"அப்பாவைப் போய்ப் பாருன்னு சொன்னா நீ போவியா? பெட்டியை அங்க வச்சா ரெண்டு தடவை போயே ஆகணும்னு நினைச்சேன்."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

லட்சுமி பையின் வாயை மூடினாள்.

"இத்தனை வருஷத்துக்கப்புறம் நானா அவருக்குப் போன் பண்ணேன் மோகனா. 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க பொண்ணு உங்களோட உக்காந்து சாப்பிட்டுத்தான் கிளம்புவா'ன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."