ஒத்தை ரிமோட்

"இப்படியே உக்காந்திருந்தா என்ன மாப்ள ஆகப்போகுது? போன லைட்டு போனதுதான். இதுல ஒண்ணை எடு."

ராம்கி தன் ஸ்டூடியோ மேஜையில் மூன்று பிளாஷ் லைட்டுகளைப் பரப்பினான். அழகுராஜா எதையும் தொடவில்லை. முந்தாநாள் உசிலம்பட்டி மண்டபத்தில் கல்யாணப் படம் எடுக்கப் போனவன் பந்தியில் உட்கார்ந்து எழுவதற்குள், ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு லைட்டுகளையும் எவனோ பையோடு தூக்கிப் போய்விட்டான். கழுத்தில் கிடந்த கேமராவும், தள்ளி நிற்கும் லைட்டை மின்ன வைக்க அதில் செருகியிருந்த ரிமோட்டும்தான் மிச்சம்.

நாளைக்கு ஒத்தக்கடையில் பெரிய இடத்துக் கல்யாணம். லைட் இல்லாமல் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. கேமரா தலையிலிருக்கும் பிளாஷை மட்டும் நம்பினால் மணப்பெண் முகம் மாவு அப்பினது மாதிரி வரும். பக்கவாட்டில் தள்ளி ஒரு லைட் நின்றே ஆக வேண்டும்.

"இந்தப் பெருசு எப்படி மாப்ள?" என்றான் அழகுராஜா.

"வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். ஆனா ஒயர் இழுக்கணும். தாலி கட்டுற நேரத்துல எவனாச்சும் தடுக்கி விழுந்தா உனக்குத்தான் அடி."

"சின்னது?"

"பேட்டரி பாதி முகூர்த்தத்துலயே படுத்துரும். நடுவுல இருக்கதை எடு."

அழகுராஜா அதைப் புரட்டிப் பார்த்தான். வேறு கம்பெனி. அவனிடமிருந்த ரிமோட் இதற்கு ஆகாது.

"என் கம்பெனி லைட்டு உங்கிட்ட ஒண்ணுகூட இல்லையா? அதுன்னா என் ரிமோட்டை அமுக்குனா எரிஞ்சிரும்."

"நான் அந்தக் கம்பெனிப் பக்கமே போறதில்லைனு உனக்குத் தெரியாதா? இதுக்குத் தனி ரிமோட்டு இருக்கு. ஒரு ராத்திரில கைக்குப் பழகுமான்னுதான் தெரியல. முடியலைனா சொல்லு, கல்யாணத்துக்கு நான் போறேன். உன் பேரு கெட்டுறக்கூடாதுல்ல?"

அழகுராஜா லைட்டை மேஜையில் வைத்தான். உதவி கேட்கக் கூப்பிட்டால் சொந்தத் தம்பி போனைக்கூட எடுக்கவில்லை. தொழில் போட்டிக்காரன் இம்புட்டு இறங்கி வருகிறான். உலகம் முழுசாகக் கெட்டுவிடவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"சரி மாப்ள, நீயே போயிட்டு வா. பொண்ணு வீட்டுல நான் சொல்லிர்றேன்" என்றான். இந்த ஒரு கல்யாணத்தைத்தான் அவன் மலைபோல நம்பியிருந்தான்.

"அந்த ரிமோட்டை எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழுகுற? ராசி கெட்டது. இங்கிட்டுக் குடு, நானே தூக்கிப் போட்டுர்றேன்."

ராம்கி கையை நீட்டினான். அழகுராஜா கேமராவிலிருந்து ரிமோட்டைக் கழற்றினான். கொடுக்க மனசு வரவில்லை. எத்தனை முகூர்த்தம் பார்த்த ரிமோட். கடைசியாக ஒரு தடவை பொத்தானை அழுத்தினான்.

உள் அறைத் திரைக்குப் பின்னால், நாளைய கல்யாணத்துக்குத் தயாராக நின்றிருந்த இரண்டு லைட்டுகளும் பளிச்சென்று ஒன்றாக மின்னின.