ஆத்தா தேர்ந்தெடுத்த பிரின்சிபல்

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைச் சாமந்தியையே வைத்து, வாழையிலையை மடித்து நூலைச் சுற்றினார் திருச்செல்வம். சிவப்பு ரோஜாவைக் கார் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். மூடுபனியையும் தேயிலைச் செடிகளையும் தவிர அங்கே யாரும் இல்லை.

அவர் மலேசிய மலையூரான தானா ராத்தாவில் ஒரு தனியார் பள்ளியின் போர்டு தலைவர். புது பிரின்சிபல் யார் என்பதில் போர்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாதிப் பேர் ஷெர்லி டீச்சர் என்றார்கள். மீதிப் பேர் தலைவரின் மகள் ரூபினி என்றார்கள். எத்தனை முறை ஓட்டெடுத்தாலும் சரிபாதிதான்.

கடைசியில் திருச்செல்வமே ஒரு வழி சொன்னார்.

"தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பார்த்துடுவோம். வெள்ளை வந்தா ரூபினி, சிவப்பு வந்தா டீச்சர். ஆத்தா சொல்லிட்டா அப்புறம் அப்பீல் இல்ல லா."

படித்தவர்கள் கூடிய சபையில் இது எடுபடுமா என்றால், எடுபட்டது. எல்லோரும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் பிறந்தவர்கள்தானே! கல்யாணமோ வீடு வாங்குவதோ, எதற்கும் பூக்கட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள். இலையில் பூவை மடித்துக் கட்டத் தெரியாதவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

"டீச்சர், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு இதுல..." என்று இழுத்தார் விக்னேஸ்வரி. போர்டில் ஷெர்லிக்காக முழங்குகிறவர் அவர்தான்.

"பரவாயில்லக்கா. நானும் இந்தத் தோட்டத்துல பொறந்தவதானே" என்றார் ஷெர்லி.

குரலில் சுரத்து இல்லை. பழைய பிரின்சிபல் போனதிலிருந்து பள்ளியைத் தூக்கி நிறுத்தியவர் அவர். வெள்ளை வந்தால், தன்னிடம் எழுத்துக் கற்ற ரூபினிக்கே எழுந்து நின்று குட் மார்னிங் சொல்ல வேண்டும். அதை நினைத்து எத்தனையோ ராத்திரி அவர் தூங்கவில்லை.

திருச்செல்வத்தின் கார் கோயில் வாசலில் வந்து நின்றபோது மற்றவர்கள் உள்ளே போயிருந்தார்கள். ஷெர்லி மட்டும் வெளியே நின்றிருந்தார்.

"கொஞ்சம் இந்தப் பொட்டலத் தட்டைப் பிடிங்க டீச்சர், கால் கழுவிட்டு வந்துடறேன்."

வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். பரீட்சையில் காப்பியடித்தான் என்று பெற்ற மகனையே வகுப்பை விட்டு வெளியே அனுப்பியவர் ஷெர்லி. அவர் கையில் எதையும் நம்பிக் கொடுக்கலாம்.

குழாய்த் தண்ணீர் உயிரை எடுத்தது. திருச்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து காலைக் கழுவினார். குளிருக்கு ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, மறு கையில் தட்டோடு நின்றிருந்தார் ஷெர்லி.

பூசாரி கந்தன் தட்டை வாங்கி அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்து விக்னேஸ்வரியிடம் கொடுத்தார். திருச்செல்வம் கும்பிட்ட கையை இறக்காமல், மகளைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தார்.

விக்னேஸ்வரி நூலைப் பிரித்தார்.

"சிவப்பு!"

திருச்செல்வத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொன்னையும் பிரிங்க" என்றார்.

"எதுக்குண்ணே? அதுல வெள்ளைதானே இருக்கும்."

"பிரிங்கம்மா!"

அதிலும் சிவப்பு ரோஜாதான் இருந்தது.

"என்னண்ணே இது? நீங்கதானே கட்டி எடுத்துட்டு வந்தீங்க?"

திருச்செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குற்றமுள்ள மனசு வேறு காரணம் தேடுமா என்ன! தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"நான் பாவி. ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சுக் கட்டினேன். ஆத்தாவையே ஏமாத்தப் பார்த்தேன். அவ ரெண்டையும் சிவப்பாக்கி என் மூஞ்சில காறித் துப்பிட்டா!"

"அப்பா, நான் கேட்டேனா இதை?" ரூபினி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ "ஓம் சக்தி" என்றார்கள். ஒரு பெண் குலவையிட்டார். கந்தன் மறுபடியும் கற்பூரத்தைக் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திருச்செல்வம் தட்டுத் தடுமாறி எழுந்து ஷெர்லியிடம் வந்தார்.

"டீச்சர், இன்னைலருந்து நீங்கதான் பிரின்சிபல். நான் போர்டை விட்டு விலகிக்கிறேன். உங்கள மாதிரி நேர்மையானவங்க உக்கார வேண்டிய எடத்துல என் மகளை உக்கார வைக்கப் பார்த்தேனே! உங்க மூஞ்சியப் பார்க்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

சொன்னதோடு நிற்காமல், அவர் காலில் விழக் குனிந்தார்.

ஷெர்லி பதறிப் பின்வாங்கினார். அந்தக் குளிரிலும் அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. விக்னேஸ்வரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷெர்லி கையை இழுத்துக்கொண்டார். அவமானத்தில் உடம்பே கூசியது. தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"பொட்டலத்த மாத்தினது ஆத்தா இல்ல தலைவரே... நான்."