அலமாரிச் சாவி

எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு ஆளுக்குக் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். இரண்டு படி இறங்கியவன் திரும்பி வந்து மறுபடியும் இழுத்தான். ஒருநாள் பூட்டு கையோடு வந்துவிடப் போகிறது என்று எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போலக் கிண்டலடித்தார். அவனும் வழக்கம்போலச் சிரித்து வைத்தான்.

இன்று தலைமையாசிரியையிடம் ஆய்வின் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

அவனும் மனைவியும் பள்ளி உளவியலாளர்கள். வகுப்புக்குள் வர மாட்டேன் என்று அழும் பிள்ளையிடம் பாடப்புத்தகங்கள் இருக்கும் வகுப்பு அலமாரியின் சாவியைக் கொடுத்து வைத்தால், நாம் போகாவிட்டால் பாடமே நடக்காது என்ற மிதப்பில் அழுகை நின்றுவிடும். இது அவள் கண்டது. இந்தத் தலைமையாசிரியையின் பள்ளியில்தான் செய்து பார்த்தாள், கட்டுரையாக எழுதினாள். பல பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. போன வருடம் சாலை விபத்தில் அவள் இறந்தபிறகு, அந்த முறைக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அவன் அதையே வேறு இரண்டு பள்ளிகளில் அச்சுப் பிசகாமல் செய்து பார்த்தான். அதே வயது, அதே மாதிரி நிஜச் சாவி.

சாவி வாங்கிய பிள்ளைகளும் அழுதார்கள், வாங்காதவர்களும் அழுதார்கள். ஒருத்தி சாவியைக் கடித்துக்கொண்டே அழுதாள்.

அவன் சொன்னதைக் கேட்டதும் தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவன் மனைவி கடைசியாகப் பேசியதுகூடப் பிள்ளைகளைப் பற்றித்தான் என்று இரங்கல் கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் அழவைத்தவர் அவர். அவன் அன்று மறுக்கவில்லை.

"அவ பேரு கெட்டுப் போயிடுமே தம்பி. நீயே வந்து இதச் சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டும் என்றான். சாவியைக் கையில் திணித்துவிட்டு ஆசிரியர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அழுகிற பிள்ளை தனியாக அழுகிறது.

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சாவியை விட்டுவிட்டு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம், ஆனால் அதையும் இன்னொரு பள்ளியில் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்றான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்டாட்டி ஒன்று கண்டுபிடித்தால் புருஷன் அதைப் பிடுங்கிப் பார்க்கிறான், இந்தச் சந்தேகப் புத்தியை எங்கே பிடித்தாய் என்றார்.

அவன் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தான். வெளியே வந்ததும் பசித்தது. நன்றாகவே பசித்தது. பசி என்ற ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

விபத்து நடந்த அன்று காலை அவள் பிள்ளைகளைப் பற்றி எதுவும் பேசவில்லை. தெருமுனையில் பிரிந்தபோதுகூட வெறும் தலையசைப்புதான். அதற்கு முன்பு, அவன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு படி கீழே நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான் கடைசி.

"பூட்டினா ஆச்சா? இன்னொரு தடவ இழுத்துப் பாருப்பா."