பாதியில் நின்ற கண்ணாடி

ஒரு பழைய காரின் கதவுக்குள் ஒரு மோட்டார் இருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. கண்ணாடியின் ஓரத்து ரப்பரோ வெயிலில் காய்ந்து, தூசி அடைந்து, கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மோட்டார் முக்கி முனகித் தள்ளியும் ஒருநாள் கண்ணாடி பாதியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, கொஞ்சம் விட்டுக்கொடேன். உடம்பெல்லாம் கொதிக்குது" என்றது மோட்டார்.

"நான் இருந்த இடத்தை விட்டு அசைஞ்சிருக்கேனா? என்னைச் சொல்றியே! உனக்குத்தான்டி தெம்பு இல்ல" என்றது ரப்பர்.

"என்னை இழுக்காதீங்க. நான் ரெண்டு பேருக்கும் வேண்டியவ" என்றது கண்ணாடி.

மெக்கானிக் வந்து ஃபியூஸைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். "மோட்டார் போயிருக்கும். புதுசு போட்டுடலாம்" என்று கதவைப் பிரித்தார். இனி பழைய இரும்புக் கடைதான் என்று மோட்டாருக்குப் புரிந்தது. அழவும் அதனால் முடியவில்லை. போனால் போகட்டும், அங்கே படுக்கவாவது செய்யலாம் என்று நினைத்துக்கொண்டது.

தூக்கிப் போடுமுன் அவர் அதைக் கழற்றித் தனியே பேட்டரியில் இணைத்துப் பார்த்தார். விர்ரென்று சுற்றியது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியைக் கையால் தூக்கினார், வரவில்லை. ரப்பரைத் துடைத்து, வழுக்கிக்கொண்டு போக சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்து, பழைய மோட்டாரையே திரும்ப மாட்டினார். கண்ணாடி ஒரே மூச்சில் ஏறியது.

"பார்த்தியா? வேலைய விட்டுத் தூக்கறாங்கன்னதும் எப்படி ஒழுங்கா செய்யறே! முதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு பாடு உண்டா?" என்றது பளபளத்த ரப்பர்.

மோட்டார் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் கண்ணாடியை இறக்க யாரோ சுவிட்சை அழுத்தினார்கள்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தது.