மஞ்சள் டேப்

முதல் கவ்வியில் மஞ்சள் டேப். இரண்டாவதிலும் மஞ்சள்.

மார்னி மேலே ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்து என் கயிற்றைப் பிடித்திருந்தாள். நான் அவள் ஏறிப்போன விரிசலில் கையைச் செருகி, காலைச் செருகி, அவள் போட்டுவிட்டுப் போன கவ்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே ஏறினேன். பின்னால் வருகிறவன் வேலை அதுதான்.

கவ்வியின் விசையை இழுத்தால் அதன் பற்கள் சுருங்கும், விட்டால் விரிந்து பாறையின் இரண்டு பக்கத்தையும் கடித்துக்கொள்ளும். கயிற்றை மாட்ட ஒரு நாடா தொங்கும். முன்னால் ஏறுகிறவர் விழுந்தால் உயிர் அதில்தான்.

எது யாருடையது என்று கீழே இறங்கிப் பிரித்துக்கொள்ள ஆளுக்கொரு நிறத்தில் டேப் சுற்றிவைப்போம். என் நிறம் பச்சை. மார்னிக்கும் பச்சைதான். சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்துச் சுற்றியவள்.

மஞ்சள் கர்ட்டின் நிறம்.

கர்ட் அவளைப் பெற்றவன். அவள் நடக்கப் பழகும் முன்பே கிளம்பிப் போனவன். அவள் அம்மா ஜோஅன்னை நான் கட்டிக்கொண்டபோது மார்னி என் முழங்கால் உயரம்கூட இல்லை. போன வசந்தத்தில் அவன் ஆரெகனிலிருந்து வந்து இறங்கி, ஒரு பையை எங்கள் சாப்பாட்டு மேசையில் கொட்டினான். அத்தனையும் கவ்விகள். எல்லாம் உனக்குத்தான் என்றான். அவள் அழுதாள். நான் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். கருகிவிட்டது.

அன்றிலிருந்து அவன் அப்பா. நான் எப்போதும்போலக் கிழவன். செல்லமாகத்தான் சொல்கிறாள், தெரியும். நான் மட்டும் அவள் எதிரில் அவனைக் கர்ட் என்பதோடு சரி.

மூன்றாவதும் மஞ்சள்.

இந்தப் பாறைத் தூணின் விரிசல் அடியிலிருந்து கடைசி வரை ஒரே அகலம். ஒரே அளவுக் கவ்வி நிறைய வேண்டும், என்னிடம் இருப்பது மூன்றுதான். அதனால் அவனுடையதையும் எடுத்துக்கொண்டாள், சரி. ஆனால் நம்பிக்கையான சாமானைக் கஷ்டமான இடத்துக்கு வைத்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். பாறை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், விழுந்தால் இங்கேதான் விழுவோம் என்கிற இடத்தில், அவள் போட்டிருந்தது அவனுடையதை.

அங்கே எனக்குக் கை வழுக்கியது. கயிற்றில் தொங்கினேன். கண்ணெல்லாம் சிவப்பு மணல்.

"என்ன கிழவா, தூங்கிட்டியா?"

"சாமான் சிக்கிக்கிச்சு. வரமாட்டேங்குது."

"சரி விடு. நீ வந்து சேரு."

விசையை ஒரு தடவைதான் இழுத்திருந்தேன். அதுவும் மனசில்லாமல். அடுத்தவர் சாமானைப் பாறையில் விட்டுவிட்டு வரும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு விட்டேன். கிடந்து துருப்பிடிக்கட்டும் என்றுதான் விட்டேன்.

அதற்கு மேலே விரிசலில் ஒன்றுமே இல்லை. இரண்டு மாடி உயரத்துக்கு வெறும் பாறை. எதுவும் போடாமலே ஏறியிருக்கிறாள். கர்ட்டும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஏறுவான் என்று ஜோஅன் சொல்லியிருக்கிறாள். அப்பன் ரத்தம் என்று கரித்துக்கொட்டிக்கொண்டே ஏறினேன். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடவா இவளிடம் மிஞ்சவில்லை?

திட்டின் விளிம்பைப் பிடித்து உடம்பை மேலே இழுத்தேன். உலர்ந்த மாட்டிறைச்சியை மென்றுகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், விரிசல் முடிகிற இடத்தில், எங்கள் இருவரையும் கயிற்றோடு தாங்கிப் பிடித்திருந்தவை மூன்று கவ்விகள்.

மூன்றிலும் பச்சை டேப்.

"இதையெல்லாம் இங்க வெச்சுக்கிட்டு, அங்க வெறும் பாறையில ஏறினியா? பைத்தியமா உனக்கு?"

"மஞ்சள் தீர்ந்துபோச்சு." தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "அப்பா குடுத்ததோட நாடாவப் பாத்தியா நீ? என் வயசு இருக்கும். நான் விழமாட்டேன். நீ எப்படியும் எங்கயாவது தொங்குவே. இங்க அதை மாட்டி உன்னத் தொங்கவிடச் சொல்றியா?"

இடுப்பில் மாட்டியிருந்த மஞ்சள் கவ்விகளைக் கையில் எடுத்தேன். நாடாக்கள் வெளுத்து, விறைத்து, தையல் பக்கம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தன. யாருடைய சாமான் கைக்கு வந்தாலும் முதலில் நாடாவைப் பார்க்கிறவன் நான். அன்று டேப்பை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதை நம்பியா அந்தத் துருத்தலைத் தாண்டினாள்? நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன். தண்ணீரைக் குடித்தேன்.

உச்சியைத் தொட்டுவிட்டு, அங்கே அடித்திருக்கும் சங்கிலியில் கயிற்றைக் கோத்து, நான்தான் முதலில் இறங்கினேன். துருத்தலுக்கு வந்ததும் நின்றேன். காலைப் பாறையில் ஊன்றி, விரிசலுக்குள் கையை விட்டு, விசையை இழுத்தேன்.

ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"என்ன கிழவா, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

அதைப் பச்சைகளுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

"உங்கப்பா சாமான் வந்துடுச்சு," என்றேன். "நாடாவ மட்டும் மாத்திக்கலாம்."